வாய்தா தேதி உங்கள் கையில் இருக்கட்டும்!

சட்டம் கேளுங்கள் – வாசகர்களின் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, கோர்ட்டையும் செல்போனையும் பற்றியவை. ஒருவர் செல்போனில் பார்த்துத்தான் தன் வழக்கு முடிந்துபோனதையே தெரிந்துகொண்டிருக்கிறார். இன்னொருவருக்குச் செல்போனில் எவ்வளவு தேடினாலும் வழக்கு கிடைக்கவில்லை. வேறொருவருக்குச் செல்போனிலேயே ‘சம்மன்’ வந்திருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறேன். வழக்குகள் நடந்துகொண்டிருப்பதால் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

“மகள் கல்யாணத்துக்காக ஒருவரிடம் 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். அவர் கேட்டபடி, என் 1 ஏக்கர் 40 சென்ட் நிலத்துக்குக் கிரய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன். பிறகு அவர், நிலத்தைக் கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டார். நானும் வக்கீல் வைத்தேன். ‘தேதி வந்தா சொல்லி அனுப்புறேன், நீங்க வேலையைப் பாருங்க’ என்றார். அப்புறம் தகவலே இல்லை. இப்போது ‘நிறைவேற்று மனு’ என்று கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் பார்த்துவிட்டு, ‘எட்டு மாசத்துக்கு முன்னாடியே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆயிடுச்சு தாத்தா’ என்கிறான். என் நிலம் போய்விடுமா?”
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

இன்னும் போகவில்லை. ஆனால், இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட உங்களுக்கு நேரமில்லை.

முதலில் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். வழக்கு கூப்பிட்ட நாளில் நீங்களும் இல்லை, உங்கள் வக்கீலும் இல்லை. எதிர்த் தரப்பு சாட்சியத்தை மட்டும் கேட்டு, நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இதுதான் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கொடுப்பதுதான் நிறைவேற்று மனு. நீங்கள் சும்மா இருந்தால், உங்களுக்குப் பதிலாக நீதிமன்றமே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்து கொடுத்துவிடும். அதற்கடுத்து அமீனா வந்து நிலத்தை ஒப்படைக்கச் சொல்வார். அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே தடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை.

ஒன்று: அதே நீதிமன்றத்தில் தீர்ப்பு நகலுக்கு உடனே நகல் மனு போடுங்கள். செல்போனில் தெரியும் தீர்ப்பு படிப்பதற்கு மட்டும்தான். மனுவோடு தாக்கல் செய்ய, நீதிமன்ற முத்திரையோடு கூடிய சான்றிட்ட நகல் வேண்டும்.

இரண்டு: உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13-ன் கீழ், ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனுத் தாக்கல் செய்யுங்கள். இதற்குக் கெடு, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்கள். சம்மனே முறையாகக் கிடைக்காதவர்களுக்கு, தீர்ப்பு பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள்கள். நீங்கள் சம்மன் வாங்கி வக்கீலும் வைத்துவிட்டதால், உங்களுக்குத் தீர்ப்பு நாள்தான் கணக்கு. கெடு தாண்டிவிட்டது. ஆகவே, காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன் கீழ், தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவையும் சேர்த்தே போட வேண்டும்.

மூன்று: நிறைவேற்று மனுவில் ஆஜராகி, மேற்சொன்ன மனுக்கள் முடியும் வரை நடவடிக்கையை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியைத் தவறவிட்டால், இரண்டாவது முறையும் நீங்கள் இல்லாமலேயே உத்தரவு ஆகிவிடும்.

நான்கு: அது கடனுக்கு ஈடாக எழுதிய ஒப்பந்தம் என்பதைக் காட்டும் எல்லாவற்றையும் சேகரியுங்கள். வட்டி கட்டிய ரசீது, வங்கிக் கணக்கில் பணம் அனுப்பிய விவரம், கடன் வாங்கும்போது உடனிருந்தவர்கள் யார் யார் என்ற பட்டியல். ஏற்கெனவே எதிருரை தாக்கல் செய்யப்பட்டதா, அதில் இந்த விஷயம் சொல்லப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தீர்ப்பு ரத்தானால் வழக்கு மீண்டும் நடக்கும். அப்போது உங்களைக் காப்பாற்றப் போவது இந்த ஆதாரங்கள்தான்.

ஒருதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். எந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்பதை, கட்டு முழுவதையும் பார்க்கும் வழக்கறிஞர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி, எல்லா வாசகர்களுக்கும் சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கேட்கும்போது நீதிபதி உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” வக்கீல் சொல்லவில்லை என்பது ஒரு பதில்தான். வக்கீல் வராததற்காக, ஒன்றும் அறியாத கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-ம் ஆண்டு ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை அதை எடுத்துக்காட்டுகிறோம். ஆனால், 2024-ல் ரஜ்னீஷ் குமார் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், எல்லாப் பழியையும் வக்கீல் மேல் போட்டுவிட்டு நீண்ட தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க முடியாது, தன் உரிமையில் விழிப்பாக இருக்கும் கடமை கட்சிக்காரருக்கும் உண்டு என்று சொல்லியிருக்கிறது.

உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொன்ன விவரம், எட்டு மாதங்களாக எல்லோரும் பார்க்கும்படிதான் இருந்தது. உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் இதைச் சொல்லத்தான் போகிறார். அதற்கு உண்மையான, நாள்வாரியான பதிலோடு போங்கள். எப்போது வக்கீலைப் பார்த்தீர்கள், எப்போது போன் செய்தீர்கள், உடம்பு சரியில்லாமல் இருந்தால் அதற்கான மருத்துவச் சீட்டு எங்கே என்று ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள்.

“எங்கள் அப்பா சொத்தில் அண்ணன்கள் இருவருக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. என்னையும் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறார்கள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து கோர்ட்டுக்கு 90 கிலோமீட்டர். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று நானே வீட்டிலிருந்து தெரிந்துகொள்ள முடியுமா?”
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

முடியும் சகோதரி. நாட்டிலுள்ள மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் ‘ஈ-கோர்ட்ஸ்’ திட்டம் 2007-ல் தொடங்கியது. 2023-ல் அதன் மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 7,210 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் நமக்கு நேரடியாகப் பயன்படுவது, ‘ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ என்கிற ஆப். கட்டணம் கிடையாது. இதே விவரங்கள் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் கிடைக்கும்.

ஒவ்வொரு வழக்குக்கும் ‘சி.என்.ஆர்’ என்று 16 இலக்க எண் உண்டு. முதல் இரண்டு எழுத்துகள் மாநிலம். அடுத்த இரண்டு எழுத்துகள் மாவட்டம். பிறகு எந்த நீதிமன்றம் என்று காட்டும் எண்ணும், வழக்கின் வரிசை எண்ணும் வரும். கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டு. நிலத்துக்குச் சர்வே எண் எப்படியோ, வழக்குக்கு சி.என்.ஆர் எண் அப்படி. நாடு முழுக்க ஒரு வழக்குக்கு இருக்கும் எண் வேறொரு வழக்குக்கு இருக்காது. வக்கீலிடம் கேட்டு வாங்கி, பட்டா, பத்திரம் வைத்திருக்கும் பையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

எண் தெரியாவிட்டாலும் தேடலாம். ஆப்பில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்வு செய்து, வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர் இவற்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடுங்கள். பெயர் வைத்துத் தேடும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கும். ஒரே பெயரை ஒருவர் ஒரு மாதிரியும், இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதுவார்கள். ஆகவே, முழுப் பெயரைப் போடாமல் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் போடுங்கள். உங்கள் பெயரில் வராவிட்டால், வழக்குப் போட்ட அண்ணன் பெயரில் தேடுங்கள். ‘நிலுவை’யில் கிடைக்காவிட்டால், ‘முடிந்தவை’ என்ற பகுதியிலும் ஒருமுறை பாருங்கள்.

வழக்கு கிடைத்ததும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அடுத்த தேதி என்ன? அன்றைக்கு எதற்காக வழக்கு போடப்பட்டிருக்கிறது, எதிருரைக்கா, சாட்சி விசாரணைக்கா, வாதத்துக்கா? உங்கள் பெயருக்கு நேரே உங்கள் வக்கீல் பெயர் இருக்கிறதா? மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை. உங்கள் வக்கீல் பெயர் இல்லையென்றால் வக்காலத்து தாக்கல் ஆகாமல் இருக்கலாம், அல்லது பதிவு விட்டுப்போயிருக்கலாம். இரண்டில் எது என்று உடனே கேளுங்கள். சம்மன் கிடைத்த 30 நாள்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள்கள் வரை நீட்டிக்கலாம் என்பது சட்டம்.

கண்டுபிடித்த வழக்கை ஆப்பிலேயே சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. அடுத்த முறை தேட வேண்டியதில்லை. உங்கள் செல்போன் எண்ணை வழக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தேதி மாறும்போது குறுஞ்செய்தி வரும்.

செல்போன் பழக்கமில்லை என்றால், நீதிமன்ற வளாகத்தில் ‘இ-சேவா கேந்திரா’ இருக்கிறதா என்று விசாரியுங்கள். வழக்கு நிலை, அடுத்த தேதி, நகல் மனு போன்றவற்றுக்கு அங்கே உதவுவார்கள். சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்தில் போவோமே, அந்த இ-சேவை மையம் வேறு. இது வேறு.

இன்னொன்று: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம், பிரிவு 12 அந்த உரிமையைத் தருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இது பொருந்தும். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போகலாம்.

“ஆப் காட்டும் தேதியை அப்படியே நம்பலாமா?”
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

நம்பலாம். ஆனால், அதை மட்டுமே நம்பக் கூடாது. என்னிடம் வந்த ஒரு விவசாயியின் கதையைச் சொல்கிறேன். தன் கிணற்றுப் பாதைக்காக அவர்தான் வழக்குப் போட்டிருந்தார். ஆப்பில் தேதி பார்த்து, இரண்டு பஸ் மாறி கோர்ட்டுக்குப் போனார். அன்றைக்குத் திடீர் விடுமுறை. கதவு பூட்டியிருந்தது. ‘எப்படியும் சொல்லுவாங்க’ என்று ஊருக்குத் திரும்பிவிட்டார். புதிய தேதி இரண்டே நாளில் ஆப்பில் வந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை. அறுவடை நேரம் வேறு. அந்தத் தேதியிலும் அதற்கடுத்த தேதியிலும் அவர் வராததால், வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நல்லவேளையாக, இருபதாவது நாள் என்னிடம் வந்தார். தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்கவும் 30 நாள்கள்தான் கெடு. கடைசி வாரத்தில் மனு போட்டோம். வழக்கு பிழைத்தது.

ஆகவே, 15 நாள்களுக்கு ஒருமுறை ஆப்பைத் திறந்து பாருங்கள். இந்த இதழ் கைக்கு வரும் நாளையே ஞாபகக் குறியாக வைத்துக்கொள்ளலாம். வாய்தாவுக்கு முதல் நாள் மாலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வக்கீலிடமும் போனில் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவில் தவறு நேர வாய்ப்பு உண்டு. ஏற்றுவதற்கு ஓரிரு நாள் தாமதமும் ஆகலாம். ‘ஆப்பில் அப்படித்தான் இருந்தது’ என்று சொல்ல நேர்ந்தால், அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருப்பது உதவும்.

“பட்டா மாறுதல் சம்பந்தமாக ஆர்.டி.ஓ-விடம் மேல்முறையீடு செய்திருக்கிறேன். ஆப்பில் எவ்வளவு தேடினாலும் வரவில்லை. மனுவைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா?”
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பயப்பட வேண்டாம். ஆர்.டி.ஓ, டி.ஆர்.ஓ விசாரிப்பவை வருவாய்த்துறை நடவடிக்கைகள். ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் வருபவை நீதித்துறையின் கீழ் உள்ள நீதிமன்ற வழக்குகள். அதில் உங்கள் மனு வராதது இயல்புதான். மேல்முறையீடு கொடுத்தபோது வாங்கிய ஒப்புகைச் சீட்டு எண்ணோடு நேரில் போய் விசாரியுங்கள். விசாரணை தேதியை எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். எதிர்த் தரப்பு இதே நிலத்துக்குச் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறதா என்பதை மட்டும் ஆப்பில் அவர் பெயர் போட்டுப் பாருங்கள். அப்படித் தேடியதால் தப்பித்தவர்கள் இருக்கிறார்கள்.

“மஞ்சள் வியாபாரி ஒருவர் எனக்கு 1,85,000 ரூபாய் பாக்கி. பில் கிடையாது. ‘அடுத்த வாரம் தந்துடுறேன்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருக்கின்றன. கோர்ட்டில் செல்லுமா?”
– வாசகர், ஈரோடு மாவட்டம்

செல்லும், முறைப்படி கொடுத்தால். செய்திகளை வெறுமனே பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம், பிரிவு 63-ன்படி, அதோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். அது இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில், செல்போனை வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது பகுதியில், அதற்கான நிபுணர் கையெழுத்திட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்திலும் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது.

அதுவரை அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள். வியாபாரியின் எண் தெரியும்படி உரையாடல் முழுவதையும் வைத்திருங்கள். உங்களுக்குச் சாதகமான இரண்டு வரிகளை மட்டும் வெட்டி எடுத்தால் சந்தேகம்தான் வரும். எடைச் சீட்டு, வண்டி வாடகை ரசீது, முன்பு வங்கி வழியாக வந்த பணம் ஆகியவையும் சேர்ந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட 3 ஆண்டுகள்தான் கெடு. ‘தருகிறேன்’ என்ற செய்தியை நம்பி அதைக் கடத்திவிடாதீர்கள்.

“விதை முளைக்காமல் நஷ்டமாகிவிட்டது. நுகர்வோர் வழக்குப் போட அலைய வேண்டுமா?”
– வாசகி, தேனி மாவட்டம்

முன்பு போல அலைய வேண்டியதில்லை. ‘ஈ-ஜாக்ரிதி’ என்ற இணையதளத்தில் புகாரைத் தாக்கல் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காணொளி வழி விசாரணை கேட்டும் மனுப் போடலாம். கெடு 2 ஆண்டுகள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்பதை, தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பில், விதைப் பை, அதிலுள்ள லாட் எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பயிர் வயலில் இருக்கும்போதே வேளாண் அலுவலரை அழைத்து ஆய்வு அறிக்கை வாங்குங்கள். உழுது போட்ட பிறகு எந்த இணையதளமும் உதவாது.

“வாட்ஸ்அப்பில் கோர்ட் முத்திரையோடு சம்மன் வந்தது. அதில் இருந்த எண்ணுக்குப் பேசினால், கைது செய்யாமல் இருக்க 40,000 ரூபாய் அனுப்பச் சொல்கிறார்கள். என்ன செய்வது?”
– வாசகர், தர்மபுரி மாவட்டம்

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எந்த நீதிமன்றமும் கைதை நிறுத்த போனில் பணம் கேட்காது. வீடியோ அழைப்பில் உட்கார வைத்துச் செய்யும் ‘டிஜிட்டல் கைது’ என்பது எந்தச் சட்டத்திலும் கிடையாது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். பணம் அனுப்பிவிட்டவர்கள் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, அவ்வளவு நல்லது.

அதற்காக, போனில் வரும் சம்மன் எல்லாமே போலி என்றும் ஒதுக்கிவிடாதீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், மின்னணு வழியிலும் சம்மன் அனுப்ப இடம் தருகிறது. உண்மையா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதிலுள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள். வழக்கு எண்ணையோ சி.என்.ஆர் எண்ணையோ ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டு, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால், உங்கள் ஊர் காவல் நிலையத்திலோ அந்த நீதிமன்றத்திலோ நேரில் கேளுங்கள்.

கடைசியாக, விழுப்புரம் வாசகருக்கு: நீங்கள் மனுத் தாக்கல் செய்ததும், என்ன ஆயிற்று என்று ஒரு கார்டு போடுங்கள். அந்தப் புதிய மனுக்களுக்கும் ஆப்பில் தேதி வரும். அந்தப் பையனிடம் சொல்லி, அதை உங்கள் போனில் சேமித்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில்: வாய்க்கால், வண்டிப்பாதைத் தகராறுகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். நில ஆவணங்களின் நகலை மட்டும் அனுப்புங்கள், அசலை அனுப்ப வேண்டாம்.